"மெதுவாக வாசி" என்றால் ஒலியா, வேகமா? பியானோ தொடக்கநிலையில் டெம்போவும் டைனமிக்ஸும்

மூன்றாம் விரல்:

அனைவருக்கும் வணக்கம். பியானோ கற்கத் தொடங்கி ஒன்பது மாதம் ஆகிறது. நாற்பது வயதுக்கு மேல் தொடங்கியவன். இரண்டு கையும் சேர்ந்து வாசிக்க வருகிறது. எளிய துண்டுகளைத் தாளைப் பார்த்து வாசித்துவிடுகிறேன். சுரமும் கால அளவும் சரியாக வந்தால் போதும் என்று இதுவரை விட்டுவைத்த ஆசிரியர், இப்போது தாளில் இருக்கும் மற்றக் குறிகளையும் கேட்கிறார். பியானோ (கருவியின் பெயர் அல்ல, ஒலி குறைவாக என்ற குறி), ஃபோர்டே (ஒலி பெரிதாக), கிரெசென்டோ (ஒலி படிப்படியாக ஏறுவது), ரிட்டார்டாண்டோ (வேகம் படிப்படியாகக் குறைவது). பொருள் எல்லாம் மனப்பாடம். கைக்குத்தான் வரவில்லை.

இப்போது நான் படிப்பது பெட்சோல்டின் ஜி மேஜர் மினுவெட். நெடுங்காலம் பாக் எழுதியது என்று நம்பப்பட்ட அந்தத் துண்டுதான். மொத்தம் 32 பார்கள், அதாவது தாளில் செங்கோடுகளால் பிரித்த கூறுகள். ஒரு பாருக்கு மூன்று பீட், அதாவது மூன்று தாளத் தட்டு. முதல் எட்டுப் பார்கள் ஃபோர்டே. ஒன்பதாவது பாரில் அதே மெட்டு திரும்பி வரும்போது பியானோ. இரண்டாம் பாதியில் ஒரு கிரெசென்டோ. என் புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறது.

கைபேசியில் பதிவு செய்து, பிறகு மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு பகுதியாக ஒப்பிட்டேன். நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில் தொடங்கியிருக்கிறேன். ஒன்பதாவது பாரில் 88. இரண்டாம் பாதியில் கிரெசென்டோ வந்ததும் 112. வாசிக்கும்போது ஒரே வேகத்தில் போவதாகத்தான் எனக்குத் தோன்றியது. என் காதை நானே நம்ப முடியவில்லை என்பதுதான் பெரிய வருத்தம்.

ஆசிரியர் "இங்கே மெதுவாக" என்கிறார். மெதுவாக வாசிக்கிறேன். "ஏன் வேகத்தைக் குறைத்தீர்கள்?" என்கிறார். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அதோடு இன்னொன்று: என் நண்பரிடம் இருக்கும் புத்தகத்தில் இதே மினுவெட்டுக்கு வேறு குறிகள் இருக்கின்றன. எது சரி?

அந்திப் பயிற்சி:

எனக்கும் இதே தொல்லை இருந்தது. மெட்ரோனோமை ஓடவிட்டுக்கொண்டே வாசியுங்கள். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கிரெசென்டோவில் ஓடுவது என்னிடம் அப்படித்தான் நின்றது.

வெள்ளைக்கட்டை:

பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கற்பித்து வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "மெதுவாக என்கிறார், மெதுவாக வாசிக்கிறேன்." சிக்கலின் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

தமிழில் "மெதுவாகப் பேசு" என்றால் குரலைத் தாழ்த்து என்று பொருள். "மெதுவாக நட" என்றால் வேகத்தைக் குறை என்று பொருள். "மெல்ல" என்பதும் அப்படியே. மறுபக்கம் பாருங்கள், "வேகமாக அடித்தான்" என்றால் விரைவும் வலுவும் சேர்ந்தே வரும். குழந்தையிலிருந்து ஒலியையும் வேகத்தையும் ஒரே சொல்லில் கேட்டுப் பழகிய காதுக்கு, பியானோ முன்னால் உட்கார்ந்ததும் இரண்டையும் பிரி என்றால் எப்படிப் பிரியும்? நம் மொழிக்கு மட்டும் உள்ள வழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். இத்தாலியரின் அன்றாடப் பேச்சில் "பியானோ" என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. இசைத்தாளில் மட்டும் அது ஒலியின் தணிவை மட்டுமே குறிக்கும்.

ஆகவே என் வகுப்பில் "மெதுவாக" என்ற சொல்லை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒலிக்குத் தணிவாக, உரக்க என்று சொல்வேன். வேகத்துக்கு நிதானமாக, விரைவாக என்று சொல்வேன். நான்கு சொற்கள், நான்கு திசைகள். அடுத்த வகுப்பில் உங்கள் ஆசிரியரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த நான்கையும் விரலுக்குக் கொண்டுவர ஒரு பயிற்சி தருகிறேன். நடு சி தொடங்கி ஐந்து விரலுக்கு ஐந்து வெள்ளைக் கட்டைகள், ஏறி இறங்குங்கள். அவ்வளவுதான் சுரங்கள். இதை முதலில் உரக்க, நிதானமாக வாசியுங்கள். பிறகு தணிவாக, விரைவாக. உங்கள் உடம்பு இயல்பாகச் செய்வதற்கு நேர் எதிரான இரண்டு மூலைகள் இவை. பழக்கப்பட்ட மற்ற இரண்டு மூலைகளையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தணிவாக, விரைவாக வாசிக்கும்போது முதல் சில நாள் பாதிச் சுரங்கள் ஒலிக்காமலே போகும். கவலை வேண்டாம், தொடருங்கள். நாளுக்கு மூன்று நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

குறிகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவது பற்றி: அந்த மினுவெட், பாக்கின் மனைவி அன்னா மாக்டலேனாவின் 1725இல் தொடங்கிய இசைக் குறிப்பேட்டில் இருக்கிறது. அங்கே ஃபோர்டே, பியானோ என்று எதுவும் எழுதப்படவில்லை. உங்கள் புத்தகத்தில் உள்ளவை பதிப்பாசிரியர் சேர்த்தவை, நண்பர் புத்தகத்தில் உள்ளவை இன்னொரு பதிப்பாசிரியர் சேர்த்தவை. இரண்டும் ஆலோசனைகள். கற்கும் காலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுதாகப் பின்பற்றுங்கள். ஆனால் பேத்தோவன், ஷோபேன் என்று வரும்போது அதே சுதந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் குறிகளைத் தாங்களே எழுதினார்கள்.

சுருதிகூட்டி:

பியானோ பழுது பார்ப்பதும் சுருதி கூட்டுவதும் என் தொழில். பெட்டியின் உள்ளே நடப்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு இன்னொரு வழியும் திறக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டையை அழுத்தினால் அது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கம் சில நெம்புகோல்கள் வழியாகச் சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகிறது. தெரிந்தேதான் "எறிகிறது" என்கிறேன். தந்தியைத் தொட ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே சுத்தியலுக்கும் கட்டைக்கும் உள்ள பிடி விட்டுவிடும். மீதித் தூரத்தைச் சுத்தியல் தான் பெற்ற வேகத்திலேயே கடக்கிறது. கல்லைக் கைவிட்ட பிறகு கையை எவ்வளவு ஆட்டினாலும் கல்லுக்குத் தெரியாது அல்லவா? அதுபோல, ஒலி எழுந்த பிறகு கட்டையை அமுக்கிப் பிடிப்பதால் அந்த ஒலியில் எந்த மாற்றமும் வராது. விரலும் முன்கையும் இறுகுவதுதான் மிச்சம்.

இதைக் கையால் உணர ஒரு வழி உண்டு. ஒரு கட்டையை ஒலியே வராத அளவுக்கு நிதானமாக இறக்குங்கள். பாதிக்கும் கீழே போனதும் விரலுக்குச் சின்னதாக ஒரு தடங்கல் தெரியும், கிராண்ட் பியானோவில் நன்றாகவே தெரியும். பிடி விடும் இடம் அதுதான். உங்கள் வாசிப்பு முழுவதும் அந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆக, ஒலியின் அளவைத் தீர்மானிப்பது கட்டை இறங்கும் வேகம். அதாவது உங்கள் கையில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. ஒரு கட்டை மேலிருந்து கீழே போகும் வேகம் ஒன்று. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போகும் வேகம் மற்றொன்று. முதலாவது டைனமிக்ஸ், இரண்டாவது டெம்போ. தணிவாக வாசிக்க நினைத்ததும் மூளை "வேகத்தைக் குறை" என்று கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை சரியானதுதான், முதல் வேகத்துக்கு மட்டும். அது இரண்டாவதிலும் வழிந்துவிடுவதே உங்கள் 88.

இன்னும் நுட்பமான ஒரு காரணமும் உண்டு. உரக்க வாசிக்கும்போது, விரல் கட்டையை இறக்கத் தொடங்கியதிலிருந்து ஒலி எழ ஒரு நொடியில் நூற்றில் சில பங்கே ஆகும். மிகத் தணிவாக வாசிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகலாம். அதே நேரத்தில் விரலை அசைத்தாலும் ஒலி பின்தங்கி வருகிறது என்று பொருள். எனவே தணிந்த பகுதியில் விரல் ஒரு நூலிழை முன்னதாகப் புறப்பட வேண்டும். தேர்ந்தவர்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்வதில்லை, காது செய்துவிடுகிறது. தொடக்கத்தில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கருவியின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். முன்பிருந்த ஹார்ப்ஸிகார்டு தந்தியை மீட்டும் கருவி. கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். ஃபுளோரன்ஸில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி மீட்டலுக்குப் பதில் சுத்தியலை வைத்தார். 1700ஆம் ஆண்டின் ஓர் அரண்மனைப் பொருள் பட்டியலில் அது "பியானோவும் ஃபோர்டேயும்" தரும் கருவி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. தணிவும் உரப்பும் என்பதே பெயர். பிறகு முதல் பாதி மட்டும் நிலைத்துவிட்டது.

மூன்றாம் விரல்:

இரண்டு பதிவுகளையும் நான்கு முறை படித்துவிட்டேன். "இரண்டு வேகங்கள்" என்பது யாரும் எனக்குச் சொல்லாதது. உடனே போய் ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை, எட்டு முறை உரக்க, எட்டு முறை தணிவாக வாசித்தேன். தணிவுக்கு மாறிய முதல் இரண்டு சுரங்கள் தட்டுக்குப் பின்னால் விழுவது தெளிவாகக் கேட்டது. மெட்ரோனோமோடு வாசித்தும் இதுவரை கேட்கவில்லை என்றால் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. சுரம் சரியா என்பதை மட்டும் கேட்டிருப்பேன் போலும்.

அந்திப் பயிற்சி சொன்னபடி எப்போதும் மெட்ரோனோமோடு வாசிப்பதா? நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடுகிறதே.

லயம்தேடி:

இந்த இடத்தில் அந்திப் பயிற்சியோடு நான் உடன்படவில்லை. நான் வாய்ப்பாட்டிலிருந்து பியானோவுக்கு வந்தவன். எங்களுக்குக் காலப்பிரமாணம் என்று ஒரு சொல் உண்டு. எடுத்த காலத்தைக் கடைசிவரை காப்பது. அதைக் காப்பது உள்ளே இருக்கும் லயம். வெளியே ஒரு பெட்டி தட்டிக்கொண்டிருந்தால் லயத்தின் வேலையை அதுவே செய்துவிடும். நிறுத்தியதும் நிற்க இடமில்லாமல் போகும், உங்களுக்கு நடந்ததுபோல.

மெட்ரோனோமைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை ஆசிரியராக வைத்துக்கொள்ளாமல் தேர்வாளராக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு பீட்டுக்கும் தட்டு. அது சரியானதும் பாருக்கு ஒரு தட்டு, முதல் பீட்டில் மட்டும். இடையில் உள்ள இரண்டு பீட்டையும் நீங்கள் சுமக்க வேண்டும். பிறகு இரண்டு பாருக்கு ஒன்று. அதுவும் நிலைத்தால், ஓடும்போதே ஒலியை அணைத்துவிட்டு எட்டுப் பார் வாசித்து மீண்டும் திறந்து பாருங்கள். தட்டு உங்கள் பீட்டிலேயே வந்து விழுந்தால் காலம் உங்களுடையது.

வாய் திறந்து எண்ணுவதையும் விட வேண்டாம். வெட்கம் பார்க்காமல் உரக்க எண்ணுங்கள். அதிலும் ஒன்று: விரல் தணியும்போது எண்ணும் குரல் தணியக்கூடாது. ஒன்பதாவது பாரில் கை தணிந்து, குரல் மட்டும் அதே உரத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நின்றால் இரண்டும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம்.

நம் இசையிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் காலம், இரண்டாம் காலம் என்பது சரி இரட்டிப்பு. தாளம் அப்படியே நிற்கும், அதற்குள் சுரங்கள் இருமடங்காகும். ரிட்டார்டாண்டோ, அக்செலராண்டோ அப்படி அல்ல. அங்கே தாளமே நீள்கிறது, தாளமே சுருங்குகிறது. எனக்கு அது கைவர நெடுநாள் ஆனது.

அந்திப் பயிற்சி:

பாருக்கு ஒரு தட்டு என்பதை நான் செய்ததே இல்லை. இன்று 72இல் செய்து பார்த்தேன், மூன்றாவது பாரிலேயே தட்டு எனக்கு முன்னால் போய்விட்டது. ஒரு மாதத்தில் தீர்ந்தது என்று நான் எழுதியது தவறு. மெட்ரோனோம் ஓடும்போது மட்டும் தீர்ந்திருந்தது.

ஆனாலும் முதல் கட்டத்தில் ஒவ்வொரு பீட்டுக்கும் தட்டு இல்லாமல் என்னால் கற்றிருக்க முடியாது. அதை அவசரப்பட்டு விட வேண்டாம் என்றுதான் மூன்றாம் விரலுக்குச் சொல்வேன்.

வெள்ளைக்கட்டை:

ரிட்டார்டாண்டோ பற்றி லயம்தேடி தொட்டார். மாணவர்கள் அதிகம் கெடுக்கும் இடம் அது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

100 வேகத்தில் ஒரு பீட் 0.6 நொடி. கடைசி இரண்டு பாரில் ரிட்டார்டாண்டோ என்றால் ஆறு பீட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானோர் நான்கு பீட் வரை 0.6இலேயே வந்து, குறி நினைவுக்கு வந்ததும் ஐந்தாவதை 1.2 ஆக்கிவிடுவார்கள். கேட்பவருக்கு அது தடுமாற்றமாகத்தான் படும். நிறுத்தத்துக்கு வரும் பஸ் எப்படி வேகம் இழக்கிறது? நல்ல ஓட்டுநர் ஓட்டினால் நிற்கும் பயணிக்குக் கம்பியைப் பிடிக்கக்கூடத் தேவை இருக்காது. 0.6, 0.63, 0.67, 0.73, 0.8, 0.9 என்று ஒவ்வொரு பீட்டும் முந்தையதைவிடச் சற்று நீள வேண்டும். இந்த எண்களை யாரும் வாசிக்கும்போது கணக்கிடப் போவதில்லை. வளைவு எப்படி இருக்கும் என்று காட்டவே எழுதினேன்.

கைக்குக் கொண்டுவரும் வழி: பீட்டை இரண்டாகப் பிளந்து எண்ணுவது. "ஒன்-று, இரண்-டு, மூன்-று." நீளும் பீட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பிளக்காமல் எண்ணினால் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம், அங்கே ஊகம்தான்.

"ரிட்." என்று சுருக்கி எழுதியிருந்தால் வழக்கமாக ரிட்டார்டாண்டோ, படிப்படியாக. ரிட்டெனூட்டோ வேறு: சொன்ன இடத்திலேயே உடனே வேகம் குறையும். ராலென்டாண்டோவும் படிப்படியாகக் குறைவதுதான். கலாண்டோ, ஸ்மோர்ட்ஸாண்டோ, மொரெண்டோ என்ற சொற்கள் வந்தால் மட்டும் ஒலியும் தணிகிறது, பெரும்பாலும் வேகமும் குறைகிறது. இரண்டும் சேர வேண்டும் என்று விரும்பினால் அதற்கென்று சொற்கள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். டிமினுவென்டோ (ஒலி படிப்படியாகத் தணிவது) என்று மட்டும் எழுதிய இடத்தில் வேகத்தில் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்து அ டெம்போ. பழைய வேகத்துக்குத் திரும்பு. படிப்படியாக ஏறித் திரும்புவது தவறு, அந்த முதல் சுரத்திலேயே பழைய வேகம் நிற்க வேண்டும். அதற்குத் துண்டின் தொடக்கம் காதில் இருக்க வேண்டும். ரிட்டார்டாண்டோவின் கடைசிச் சுரம் ஒலிக்கும்போதே துண்டின் முதல் பாரை மனத்துக்குள் பாடிக்கொண்டு நுழையுங்கள்.

டெம்போச் சொற்களில் எண் மட்டும் பார்ப்பதும் ஒரு பழக்கம். ஆண்டான்டே என்பது "நடத்தல்" என்ற வினையிலிருந்து வந்த சொல். அலெக்ரோ என்றால் உற்சாகமாக. வேகத்தோடு குணமும் அதில் சேர்ந்து வருகிறது. 120 எண்ணிக்கையில் உயிரில்லாமல் வாசித்தால் மெட்ரோனோம் ஒப்புக்கொள்ளும், அலெக்ரோ ஒப்புக்கொள்ளாது.

கிரெசென்டோவுக்கு ஒரே வார்த்தை: அந்தச் சொல் எழுதியிருக்கும் இடத்தில் நீங்கள் தணிவாக இருக்க வேண்டும். உரக்கப் போவது அதன் முடிவில். நான்கு பார் கிரெசென்டோவில் இரண்டாவது பாரிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு மீதி இரண்டில் போக இடமில்லாமல் வேகத்தைக் கூட்டுகிறவர்களே அதிகம். மூன்றாம் விரலின் 112க்குப் பின்னால் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மகளோடு கற்பவள்:

நானும் என் ஒன்பது வயது மகளும் சேர்ந்து கற்கிறோம். வீட்டில் இருப்பது மின்பியானோ. எவ்வளவு தணிவாகத் தொட்டாலும் ஒலி பெரிதாக வருகிறது என்று அவள் அழுகிறாள். ஹெட்ஃபோனில் வாசித்தால் ஓரளவு வித்தியாசம் தெரிகிறது. கருவியில் குறையா, கையில் குறையா?

சுருதிகூட்டி:

அம்மா, முதலில் கருவியைப் பாருங்கள், குழந்தையை அழவிட வேண்டாம். தொடு உணர்வு என்ற அமைப்பு இருக்கும். சிலவற்றில் அதை நிறுத்திவைக்கவும் முடியும். நிறுத்தியிருந்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில்தான் வரும், ஹார்ப்ஸிகார்டு போல. அது இயங்குகிறதா, "இலகு" நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இலகு நிலையில் சின்னத் தொடுகைக்கே பெரிய ஒலி வரும். நடு நிலைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, ஒலிக் குமிழ். அக்கம்பக்கத்தாருக்காக அதை மிகக் குறைத்து வைத்தால் குழந்தை ஒலி கேட்பதற்காகவே ஓங்கி அடிக்கப் பழகிவிடும், தணிவு என்பதே தெரியாமல் போகும். மிகக் கூட்டி வைத்தால் பயந்து எல்லாவற்றையும் வருடுவாள். ஓங்கி வாசித்தால் அறை நிறைய வேண்டும், மிகத் தணிவாக வாசித்தால் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். குமிழ் இருக்க வேண்டிய இடம் அது.

மின்பியானோ கட்டை இறங்கும் வேகத்தைத்தான் அளக்கிறது. மின்னிசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் அந்த அளவு 1 முதல் 127 வரை. கணினியோடோ கைபேசியோடோ இணைக்க முடிந்தால் அந்த எண்ணைத் திரையில் பார்த்தபடி வாசிக்கும் செயலிகள் உண்டு. "இந்த ஐந்து சுரமும் நாற்பதுக்குள் வரட்டும்" என்று சொன்னால் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். எண் காதுக்கு மாற்று ஆகாது, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

இதையொட்டி மூன்றாம் விரலுக்கும் ஒரு எச்சரிக்கை. பல கைபேசிகள் பதிவு செய்யும்போது தணிந்த ஒலியைக் கூட்டி, உரத்த ஒலியைக் குறைத்துத் தாமாகவே சமப்படுத்திவிடும். டெம்போவைச் சோதிக்க அந்தப் பதிவை நம்பலாம். டைனமிக்ஸை அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அறையின் மறுகோடியில் ஒருவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

மகளோடு கற்பவள்:

இலகு நிலையில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். மிக்க நன்றி, ஐயா. இப்போது பக்கத்து அறையில் "தணிவாக, விரைவாக" என்று தனக்குத்தானே கட்டளை போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

லயம்தேடி:

கேட்கவும் இரண்டு துண்டுகள் சொல்கிறேன். இந்த விவாதத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

ஒன்று ராவெலின் "பொலேரோ", 1928. ஏறக்குறைய கால் மணி நேரம். தொடக்கத்தில் ஒரு சிறு முரசு, காதுக்கு எட்டும் எட்டாத தணிவில். முடிவில் முழு இசைக்குழுவும் உச்ச ஒலியில். மொத்தத் துண்டும் ஒரே கிரெசென்டோ, வேகம் மட்டும் அசையக்கூடாது. 1930இல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனீனி அதை விரைவாக நடத்தியபோது ராவெல் மனம் கசந்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. பொலேரோவை ஓடவிட்டு விரலால் மேசையில் தட்டிக்கொண்டே இருங்கள். பத்தாவது நிமிடத்தில் உங்கள் விரல் முந்தப் பார்க்கும், முரசு அதை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பைத்தான் கிரெசென்டோவில் நாம் உள்ளே உணர வேண்டும்.

மற்றொன்று கிரீக்கின் "மலையரசனின் மண்டபத்தில்". "பேர் கிந்த்" என்ற நாடகத்துக்காக எழுதியது. அங்கே தணிவும் நிதானமுமாகத் தொடங்கி, ஒலியும் வேகமும் சேர்ந்தே ஏறிக் கடைசியில் வெடிக்கும். இரண்டும் இணைந்தால் வரும் பரபரப்பு எப்படிப்பட்டது என்று கேளுங்கள். அந்த இணைப்பை மினுவெட்டின் கிரெசென்டோவில் தெரியாமல் செலவழித்துவிட்டால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் கையில் என்ன இருக்கும்?

அந்திப் பயிற்சி:

அப்படியென்றால் ருபாட்டோ, அதாவது காலத்தைச் சற்று நீட்டியும் சுருக்கியும் நெகிழ்வாக வாசிப்பது? பெரிய கலைஞர்களின் ஷோபேன் பதிவுகளில் ஒரு பார்கூட மெட்ரோனோமோடு ஒத்துப்போவதில்லையே. நாம் இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கும் காலத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள்.

வெள்ளைக்கட்டை:

ஷோபேனிடம் கற்ற மாணவர்கள் எழுதிவைத்திருப்பது, இடது கை காலத்தைக் காக்க வேண்டும், வலது கை அதன்மேல் சுதந்திரமாகப் பாடலாம் என்பது. மொத்ஸார்ட்டும் 1777இல் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், அடாஜியோ என்ற நிதானமான பகுதியில் தன் வலது கை எப்படி நெகிழ்ந்தாலும் இடது கை நெகிழாதது கண்டு எல்லோரும் வியக்கிறார்கள் என்கிறார். விட்டுக்கொடுக்க முதலில் கையில் காலம் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் ருபாட்டோ பக்கம் என் மாணவர்களை நான் விடுவதில்லை.

மூன்றாம் விரல்:

பத்தொன்பது நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஐந்து விரல் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. தணிவாக, விரைவாக என்பது முதல் வாரம் முழுக்கப் பாதிச் சுரங்களை விழுங்கியது. பத்தாம் நாள் போல எல்லாம் ஒலித்தன. விரலைக் கட்டையிலிருந்து தூக்காமல் அதன் மேலேயே வைத்துத் தொடங்கினால் எளிதாக இருக்கிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். ஆசிரியர் "மெதுவாக" என்று சொல்வதை விட்டுத் "தணிவாக" என்கிறார். இந்த உரையாடலை அவரிடம் காட்டினேன், மகிழ்ந்தார்.

மினுவெட் பதிவு: முதல் எட்டுப் பார் 100. ஒன்பதிலிருந்து பதினாறு வரை 98. என் மனைவி அறையின் கோடியில் உட்கார்ந்து கேட்டு, ஒன்பதாவது பாரில் "வேறொருவர் பதில் சொல்வதுபோல் இருக்கிறது" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இரண்டாம் பாதி மட்டும் இன்னும் சரியாகவில்லை. கிரெசென்டோ 17இல் தொடங்குகிறது. இப்போது 100இலேயே போய், 21ஆவது பாரில் மட்டும் ஓடிவிடுகிறேன். 22இல் 108.

வெள்ளைக்கட்டை:

19 நாளில் 88 என்பது 98 ஆனது பெரிய காரியம்.

21ஐத் திறந்து பாருங்கள். வலது கையில் அரை பீட் சுரங்கள் ஆறு, தொடர்ந்து ஏறிச்செல்கின்றன. அதற்கு முந்தைய பார்களில் இடையிடையே முழு பீட் சுரம் வந்து உங்களை நிறுத்தியது. இங்கே அது இல்லை. மேலே ஏறுவது ஒரு தூண்டுதல், சுரங்கள் நெருங்குவது ஒரு தூண்டுதல், கிரெசென்டோ மூன்றாவது. மூன்றும் ஒரே பாரில் கூடிவிட்டன. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம்.

21, 22 இரண்டு பார்களை மட்டும் எடுங்கள். முதலில் ஏறும்போது தணியுங்கள், புத்தகத்துக்கு நேர் எதிராக. மூன்று நாள். பிறகு ஆறும் ஒரே அளவு ஒலியில், மூன்று நாள். அதன் பிறகே கிரெசென்டோ. ஒவ்வொரு கட்டத்திலும் 22ஆம் பாரின் மூன்று முழு பீட் சுரங்களை, அவற்றின் நீளம் முழுவதையும் கொடுத்து, பிளந்து எண்ணி வாசியுங்கள். ஓடி வந்த வேகம் அங்கே வந்து மோதும். மோதுவது உங்களுக்கே கேட்கும்.

மூன்றாம் விரல்:

இன்று தணிந்து ஏறிப் பார்த்தேன். நான்காவது சுரத்தில் விரல் முந்துவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், மெட்ரோனோம் இல்லாமலே. நான்காவது சுரம்தான், ஒவ்வொரு முறையும். இரண்டாவது பீட்டின் பின்பாதி. அங்கே "டு" என்று வாயால் சொன்னால் நிற்கிறது. மூன்று நாள் கழித்து அடுத்த கட்டத்தை எழுதுகிறேன்.